மூன்றாவது சொந்தக்காரர்

புது வண்டி வாங்குகிறவருக்கு ஒரு நாள் சந்தோஷம்; பழைய வண்டி வாங்குகிறவருக்கு நாள்தோறும் ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் இந்த இரண்டாம் வகையினரே மிகுதி.

எங்கள் ஊர் என்றால் கோலார் தங்கவயலின் நந்திதுர்க். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் ஓடிய காலத்தில் அவற்றுள் ஒன்றின் பெயர் எங்கள் குடியிருப்புக்கும் பெயராயிற்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். பெயரை மூட முடியவில்லை. இப்போது எங்களவர் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறார்கள். அவர்கள் உழைப்பு பெங்களூருக்குப் போகிறது. பெங்களூரின் பழைய வண்டிகள் எங்களுக்கு வருகின்றன. அங்கே ஒருவர் ஐந்தாறு ஆண்டு ஓட்டிச் சலித்ததை இங்கே ஒருவர் மாலை போட்டு வரவேற்கிறார். சலித்தவருக்கு அது பழசு. வரவேற்பவருக்கு வாழ்நாளில் முதல் வண்டி.

அவ்வாறு வருவனவற்றுள் எஸ்.யு.வி. என்னும் வகைக்கே மதிப்பு அதிகம். ஜீப்புக்குத் தம்பியாகவும் காருக்கு அண்ணனாகவும் பிறந்த இந்த வண்டி எங்கள் பக்கத்துக்குப் பொருத்தமானது என்பதை மறுப்பதற்கில்லை. ஏழு பேர் உட்காரலாம் என்று கம்பெனி சொன்னால் நாங்கள் பத்துப் பேர் உட்காருவோம். கலியாணத்துக்குக் குடியாத்தம், வைத்தியத்துக்கு வேலூர், வேண்டுதலுக்கு வேளாங்கண்ணி. தங்கவயல் தமிழரில் பெரும்பாலோருக்குப் பழைய வடஆற்காட்டில் ஏதேனும் ஓர் உறவு இன்னும் இருக்கிறது. அங்கே போகப் பேத்தமங்கலம் கடந்து, வி.கோட்டை தாண்டி, பேரணாம்பட்டுக்கு மலைப்பாதையில் இறங்கவேண்டும். ஏறும்போது எஞ்சின் நல்லதா என்று தெரியும்; இறங்கும்போது பிரேக் நல்லதா என்று தெரியும். முதலாவது தெரியாமல் போனால் வழியில் நிற்போம். இரண்டாவது தெரியாமல் போனால் என்ன ஆவோம் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

என் தாய்மாமன் மூன்று ஆண்டுகளுக்கு முன் இத்தகைய வண்டி ஒன்றை வாங்கினார். வண்டியின் பெயரையும் செய்தவர்களின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அதற்கு அப்போதே வயது பத்து. பதிவுப் புத்தகத்தில் அவர் மூன்றாவது சொந்தக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் மகளின் நகைக்கு ஒதுக்கியது போக மீதியைப் போட்டு வாங்கிய வண்டி. அதில் வாடகைக்குப் போவதில்லை. உறவினர்களை ஏற்றிக்கொண்டு போவார், டீசலை அவர்கள் போடுவார்கள். அவ்வளவே வியாபாரம்.

அந்த வண்டியில் ஒரு விசித்திரம் இருந்தது. சமவெளியில் பிரேக் வெண்ணெய் போல் பிடிக்கும். மலைப்பாதையில் நாலு வளைவு இறங்கிய பிறகு மிதி கல்லாகிவிடும். இரண்டு காலாலும் மிதித்தால் பிடிக்கும். ஒரு காலால் மிதித்தால் யோசிக்கும். மாமா இதை முதலில் தம் முழங்காலின் குறை என்று நினைத்தார். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். அவர் பிரேக் கட்டையை மாற்றினார். பிறகு எண்ணெயை மாற்றினார். பிறகு, "நீங்கள் ஓட்டுகிற விதத்தை மாற்றுங்கள்" என்றார்.

இதே வண்டியை வைத்திருந்த இன்னொருவர் ஆண்டர்சன்பேட்டையில் இருந்தார். அவருக்கும் இதே குறை. இருவரும் ஒரு சாவுவீட்டு வாசலில் சந்தித்தபோது பேச்சோடு பேச்சாக இது வெளியாயிற்று. அவர் தம் மெக்கானிக் சரியில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தார். மாமா தம் முழங்கால் சரியில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தார். வண்டி பிறக்கும்போதே சரியில்லாமல் பிறந்திருக்கலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. ஒரு பெரிய கம்பெனி தவறு செய்யும் என்று நினைப்பதைவிடத் தன் கால் தவறு செய்தது என்று நினைப்பது நம்மவர்க்கு எளிதாயிருக்கிறது.

விடுமுறைக்குப் போயிருந்தபோது இதைக் கேட்டேன். ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் சேஸிஸ் எண் என்று ஒன்று உண்டு. பதினேழு எழுத்தும் இலக்கமும் கலந்தது. ஐ, ஓ, க்யூ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை அதில் சேர்ப்பதில்லை, ஒன்றோடும் சுழியோடும் மயங்கும் என்பதற்காக. வண்டி எத்தனை கை மாறினாலும், எத்தனை வர்ணம் பூசினாலும் இந்த எண் மாறாது. அதைப் பதிவுப் புத்தகத்திலிருந்து பார்த்து, அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் இட்டேன். அரை நிமிடத்தில் பதில் வந்தது. அந்த வண்டி பல ஆண்டுகளுக்கு முன்பே திரும்ப அழைக்கப்பட்ட வண்டி. பிரேக் மிதிக்கு வலுச் சேர்க்கும் பூஸ்டருக்குப் போகும் வாக்குவம் குழாயும் அதிலுள்ள ஒருவழி வால்வும் மாற்றப்பட வேண்டியவை, மாற்றப்படவில்லை.

டீசல் வண்டியில் ஒரு சிறு பம்பு காற்றை இழுத்து பூஸ்டரில் வெற்றிடம் உண்டாக்குகிறது. அந்த வெற்றிடத்தின் பலத்தால்தான் நம் ஒரு காலின் அழுத்தம் பலமடங்காகிறது. குழாய் வெடித்திருந்தாலோ வால்வு கசிந்தாலோ, ஒருமுறை மிதிக்கப் பலம் இருக்கும். அடுத்தடுத்து மிதித்தால் சேமிப்புத் தீர்ந்துபோகும். மலைப்பாதையில் அடுத்தடுத்து மிதிக்காமல் யாரால் இறங்க முடியும்?

"திரும்ப அழைத்திருக்கிறார்கள்" என்று நான் சொன்னதும் மாமாவின் முகம் மலர்ந்தது. "அப்போ துட்டைத் திருப்பிக் கொடுப்பானாடா?" என்றார். இல்லை மாமா, அழைத்து, கோளாறான பாகத்தை இலவசமாக மாற்றி, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றேன். "அப்படியானால் என்னை ஏன் அழைக்கவில்லை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இக்கட்டுரை எழுத நேர்ந்தது.

கம்பெனி அழைக்கத்தான் செய்திருக்கிறது. ஆனால் கடிதம் போனது முதல் சொந்தக்காரருக்கு. பெங்களூரில் ஏதோ ஓர் அடுக்குமாடி வீட்டில் அவர் அதைப் பிரித்திருக்கலாம். விற்றுவிட்ட வண்டிதானே என்று கிழித்திருக்கலாம். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவரிடம் வாங்கியவர் யாரிடம் விற்றார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரிந்த ஓர் இடம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி வண்டியை விற்றவர் அதே மாநிலத்துக்குள்ளானால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 29, 30 என்ற எண்ணுள்ள படிவங்களில் கையெழுத்துப் போடாமல் பெயர் மாறாது. ஆகவே மாமாவின் பெயரும் நந்திதுர்க் விலாசமும் அரசாங்கத்தின் ஏட்டில் இருக்கின்றன. வண்டி கைமாறியது அரசின் ஏட்டுக்குத் தெரியும். கம்பெனியின் ஏட்டுக்குத் தெரியாது. இந்த இரண்டு ஏடுகளுக்கும் நடுவேதான் என் மாமா மூன்று ஆண்டு வண்டி ஓட்டியிருக்கிறார்.

உலகத்தில் இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்த்தால், புகார்களை ஒன்றுகூட்ட ஆள் இல்லாமல் மனிதர் செத்த கதையாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு ரால்ஃப் நேடர் எழுதிய நூல் பெரும் பரபரப்பை உண்டாக்கியிருந்தது. சட்டம் வந்து முப்பது ஆண்டுக்கு மேலான பிறகும் நடந்ததைக் கேளுங்கள். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்னும் எஸ்.யு.வி.யில் பூட்டிய ஃபயர்ஸ்டோன் டயர்கள் வேகத்தில் ஓடும்போது மேல்தோல் உரிந்து, வண்டி குட்டிக்கரணம் போட்டது. 1998இல் ஓர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஸாமுவேல் பாய்டன் என்பவர் தம் மேஜைக்கு வந்த கோரிக்கைகளில் இந்த டயர் சம்பந்தப்பட்டவை 21 இருப்பதைக் கண்டு அரசாங்கத்துக்கு எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று விஷயத்தை வெளியிட்டது. உடனே, நாட்டின் நாலு மூலையிலும் தத்தம் விதியை நொந்துகொண்டிருந்தவர்களெல்லாம் எழுதத் தொடங்கினார்கள். ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 270 பேருக்கு மேல் இறந்ததாகப் பின்னர்க் கணக்கெடுத்தார்கள். வளைகுடா நாடுகளில் அதற்கு முன்னமே இந்த டயர்களை மாற்றிக் கொடுத்திருந்தார்கள் என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. அதன்பின், புகார்களையும் வெளிநாட்டில் செய்த மாற்றங்களையும் கம்பெனிகள் தாமே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே ஆண்டில் இன்னொரு சட்டம் செய்தார்கள்.

பாய்டனின் 21 கடிதங்களையும், எங்கள் ஊர்ச் சாவுவீட்டு வாசலில் சந்தித்த இரண்டு பேரையும் நான் சேர்த்தே நினைக்கிறேன். ஒரு மனிதனின் புகார் புலம்பல். எண்ணிக் கோத்தால் அது சாட்சியம்.

நம் நாட்டில் 2012இல் வாகனக் கம்பெனிகளின் சங்கம் தானாகவே ஒரு நெறி வகுத்துக்கொண்டது. குறை தெரிந்தால் கம்பெனியே வலிய அழைக்கும். வலிய அழைப்பதிலும் பலவகை உண்டு. மறு ஆண்டே, 2013 ஜூலையில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2005 முதல் செய்த 1,14,000 டவேரா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வாடகை வண்டியாகத் தென்னாடெங்கும் ஓடிய அந்த டவேராவை அறியாதார் இல்லை. அங்கே பிரச்சினை பிரேக் அன்று, புகை. சோதனைக்கென்று தேர்ந்த எஞ்சின்களை வைத்துக்கொண்டு அரசின் பரிசோதனையைத் தாண்டியிருக்கிறார்கள். பரீட்சைக்கு வேறொரு மாணவனை அனுப்பியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனி 2017 கடைசியில் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது.

நம் சென்னைக்கு அருகே மறைமலைநகரில் செய்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல், 2013 ஏப்ரல் முதல் 2014 ஜூன் வரை செய்த சுமார் 48,000 டீசல் வண்டிகளை அழைத்தார்கள். டீசல் குழாயையும் பிரேக் குழாயையும் இடம் பெயராமல் சேர்த்துப் பிடிக்கும் ஒரு கிளிப்பில் குறை. கிளிப் என்றால் கைவிரலில் அடங்குவது. அது பிடிப்பதோ பிரேக் குழாயை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, மறு ஆண்டு சென்னை ஆலையிலிருந்து கடைசி எக்கோஸ்போர்ட்டை அனுப்பியது. பழைய வண்டிகளுக்குப் பழுதுபார்க்கும் சேவை தொடரும் என்று சொன்னார்கள். அந்த 48,000இல் எத்தனை இன்று மூன்றாம் கையில், நான்காம் கையில் ஓடுகின்றனவோ, அவற்றையெல்லாம் அன்றைய கடிதம் போய்ச் சேர்ந்திருக்குமா என்பதே என் கேள்வி.

2019இல் சட்டம் திருந்தியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். குறிப்பிட்ட விகிதத்தில் சொந்தக்காரர்கள் புகார் செய்தால் அரசே கட்டாயமாகத் திரும்ப அழைக்கச் செய்யலாம். பாகத்தை மாற்றலாம், வண்டியையே மாற்றலாம், பணத்தையும் திருப்பித் தரச் சொல்லலாம். அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி வரை. மாமாவின் முதல் கேள்வி அத்தனை அசட்டுக் கேள்வி அல்ல என்று அப்போது உணர்ந்தேன். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. நல்ல சட்டம்தான். ஆனால் அதன் வாசலில் ஒரு வயது வரம்பு நிற்கிறது. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே அது.

பெங்களூரில் வண்டிக்கு ஏழு ஆண்டு என்பது முதுமை. நந்திதுர்க்கில் அது பிள்ளைப் பருவம். சட்டம் கை விடுகிற இடத்தில்தான் நாங்கள் வண்டியைக் கை பிடிக்கிறோம்.

வயதான வண்டிக்கு எந்தக் கோளாறும் வரும், அதற்கெல்லாம் கம்பெனி பொறுப்பா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேய்ந்த டயருக்கும் துருப்பிடித்த தகட்டுக்கும் யாரும் கம்பெனியைக் கேட்கவில்லை. பிறவிக் குறை வேறு, முதுமை வேறு. ஆனால் சில பிறவிக் குறைகள் முதுமையில்தான் கொல்லும். ஜப்பானின் டகாட்டா கம்பெனி செய்த காற்றுப் பைகளைப் பாருங்கள். பையை ஊதவைக்க அம்மோனியம் நைட்ரேட் என்னும் உப்பை வைத்தார்கள். பாறை உடைக்கும் வெடிமருந்திலும் அந்த உப்பு உண்டு. சுரங்கத்தூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெப்பமும் ஈரமும் உள்ள நாட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்த மருந்து கெட்டு, விபத்தின்போது மிதமிஞ்சிய வேகத்தில் வெடித்து, உலோக உறையையே சிதறடித்தது. காக்க வைத்த பை குத்திக் கொன்றது. உலகெங்கும் கோடிக்கணக்கான பைகளைத் திரும்ப அழைத்தார்கள். 2017இல் டகாட்டா திவாலாயிற்று. வண்டி புதிதாயிருந்தவரை பெரும்பாலும் சாதுவாயிருந்த குறை அது. ஏழு ஆண்டுக் கோட்டை அதற்கு எங்கே கிழிப்பது?

என் தாத்தா நந்திதுர்க் சுரங்கத்தில் கேஜில் இறங்கி வேலை பார்த்தவர். அந்தக் கேஜைத் தாங்கிய இரும்புக் கயிற்றைப் பற்றிச் சொல்வார். தினமும் ஒருவர் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டி எடுத்து உள்ளிழை எப்படியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் காலம் முடிந்தால் கழற்றிவிட வேண்டும். சுரங்கத்தில் அநியாயங்களுக்குக் குறைவில்லை; கூலியிலும் அநியாயம், நுரையீரலிலும் அநியாயம். ஆனாலும் அந்தக் கயிற்றைச் சோதித்தவர்கள், இன்று இறங்குகிறவன் பழைய ஆளா புது ஆளா, கயிற்றை வாங்கியபோது இருந்தவனா என்று கேட்டதில்லை. கயிற்றுக்குத்தான் கணக்கு. மோட்டார் வண்டிக்கும் அப்படியொரு கணக்கு இருக்கக் கூடாதா? சேஸிஸ் எண் கையில் இருக்கிறது. ஆண்டுதோறும் இன்ஷ்யூரன்ஸ் புதுப்பிக்கிறோம், புகைச் சான்று வாங்குகிறோம். பெயர் மாற்றப் பதிவு அலுவலகத்துக்குப் போகிறோம். பதினைந்து ஆண்டானால் பதிவையே புதுப்பிக்கிறோம். இத்தனை வாசல்களில் ஏதாவது ஒன்றில், "இந்த எண்ணுக்கு நிறைவேறாத திரும்ப அழைப்பு உண்டு" என்று ஒரு வரி அச்சிட்டுக் கொடுத்தால் போதும். அமெரிக்காவிலும் இது முற்றும் சரியாகிவிடவில்லை. அங்கே பெரிய வாடகைக் கார் கம்பெனிகள் அத்தகைய வண்டியை வாடகைக்கு விடக்கூடாது என்று 2016 முதல் சட்டம் நடக்கிறது. பழைய கார் வியாபாரியைத் தடுக்கும் பொதுச் சட்டம் நாடு முழுமைக்கும் இல்லை. ஆகையால் அவர்களைப் பார்த்துச் செய்யவேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

மாமாவின் வண்டிக்குக் குழாயும் வால்வும் மாற்றியாயிற்று. எளிதில் நடக்கவில்லை. முதல்முறை போனபோது, "இது பழைய வண்டி ஐயா" என்றார்கள். இரண்டாம் முறை இணையதளத்தில் வந்த பதிலை அச்சிட்டு எடுத்துப் போனோம். மேலாளர் அதைப் பார்த்துவிட்டு மாமாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலி போடச் சொன்னார். மூன்றாம் முறை பாகம் வந்திருந்தது. வேலை அரை மணி நேரம். காசு வாங்கவில்லை. அந்த அரை மணிக்காக மூன்று ஆண்டு என் அத்தையும் மைத்துனியும் குடியாத்தம் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்திருக்கிறார்கள்.

இந்தப் பல்கலைக்கழகத்தில் நம் சங்கத்து நண்பர்களில் பலருடைய வீட்டில் இத்தகைய பழைய வண்டிகள் நிற்பதை அறிவேன். வீட்டுக்கு அடுத்தமுறை பேசும்போது பதிவுப் புத்தகத்திலிருந்து அந்தப் பதினேழு எழுத்தைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனியின் தளத்தில் இட்டுப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் நல்லது. குறை இருந்து அழைப்பு இல்லாவிட்டால், அரசின் வாகன் தளத்தில் புகார் பதியலாம்; 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கும் சொல்லலாம். வண்டி ஏழு ஆண்டு கடந்ததாயிருந்தாலும் சொல்லுங்கள் என்பேன். எண்ணுகிறவன் என்றாவது ஒருநாள் எண்ணும்போது நம்முடையதும் அதில் இருக்கட்டும்.

ஆண்டர்சன்பேட்டைக்காரரின் எண்ணையும் இட்டுப் பார்த்தேன். அவருடையதும் அழைக்கப்பட்ட வண்டிதான். அவர் நான்காவது சொந்தக்காரர். அவருக்கு வேண்டிய வால்வு கையிருப்பில் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதும் நாள்வரை வரவில்லை. அவர் வண்டியைப் பேத்தமங்கலத்துக்கு அப்பால் எடுப்பதில்லை. தம்பி மகள் கலியாணத்துக்குப் பேரணாம்பட்டுக்குக் குடும்பத்தோடு பஸ்ஸில் போய் வந்தார்.